'கொன்னுடுவேன்' என்று கத்தினால் கொலை முயற்சியா?

மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பிளாட்டில் கார் நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு மகனுக்குச் சண்டை, கோபத்தில் "உன்னைக் கொன்னுடுவேன்டா" என்று கத்திவிட்டான், கைகூட ஓங்கவில்லை. அவர் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டார். திங்கட்கிழமை வரச்சொல்லி ஐ.ஓ., அதாவது விசாரணை அதிகாரி, கூப்பிட்டிருக்கிறார். இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர், "இது 307, கொலை முயற்சி, மூவாயிரம் வெள்ளி கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்கிறாராம்.

அம்மா, முதலில் அந்த மூவாயிரத்தைப் பீரோவிலேயே வையுங்கள். குற்றவியல் சட்டத்தின் 307-க்கு வெறும் வாய்ச்சொல் போதாது, கொல்லும் நோக்கத்தோடு ஏதாவது ஒன்றைச் செய்திருக்க வேண்டும். பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்திருந்தால் கதை வேறு. உங்கள் மகனுக்கு வரக்கூடியது 506, அதாவது மிரட்டல். அதையும் லேசாக நினைக்காதீர்கள், கொன்றுவிடுவதாக மிரட்டியது நிரூபணமானால் 7 ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் எதிராளியைப் பயமுறுத்தவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சொன்னான் என்று அரசுத் தரப்பு காட்டவேண்டும்.

சிக்கல் இங்கேதான். நம் வீடுகளில் சோறு சாப்பிடாத பிள்ளையிடமும் கொன்னுடுவேன்தான், பசி கொல்லுதுதான், மேடையில் நன்றாகப் பாடினவனையும் 'கொன்னுட்டான்' என்றுதான் பாராட்டுகிறோம். ரிப்போர்ட்டில் அது 'புனோ' என்று ஒரே மலாய்ச் சொல்லாக உட்கார்ந்துவிடும், யார் முதலில் கத்தினார், எவ்வளவு தள்ளி நின்றார்கள், அடுத்த நிமிஷம் இவன் வீட்டுக்குள் போய்விட்டானா என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது. இத்தனை ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது; மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை என்று வழக்கு தள்ளிப்போகும்போதாவது யாராவது யோசிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை.

ஒரு விஷயத்தை மகனிடம் தனியாகக் கேளுங்கள். சண்டை முடிந்த பிறகு அதே வார்த்தையை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினானா? கீழே கார் பக்கத்தில் நின்று கத்தியதைக் கோபம் என்று சொல்லலாம், சரி. ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி, பேசி, அனுப்பியதைக் கோபம் என்று சொல்லி நானே நம்பமாட்டேன். நண்பர்கள் குழுவில் போட்டு அது அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் கேள்வி வரும். அப்படி ஏதாவது இருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். எதிராளியின் போனில் அது இருக்கும், சாட்சியை மறைத்தான் என்ற பழியும் கூடச் சேரும். அந்த நிலையில் திங்கட்கிழமைக்கு முன்பே வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்தத் 'தெரிந்தவர்'. இந்த மாதிரி ஆட்கள் ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து யார் அழுதுகொண்டு வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய செக்‌ஷன் நம்பரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், பிறகு அதைத் தாங்களே இறக்கியதாகக் காசு வாங்குவார்கள், ஆரம்பத்திலேயே அந்த செக்‌ஷன் இருந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தி ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கவைக்கிறேன் என்பார்கள். சமாதானம் நல்லதுதான், ஆனால் குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்பது அரசாங்க வழக்கறிஞர் கையில், புகார் கொடுத்தவர் கையில் இல்லை. அதிகாரிக்குப் பங்கு கொடுக்கவேண்டும் என்று சொன்னால் அது லஞ்சம், மாட்டுவது நீங்கள்.

திங்கட்கிழமை வாக்குமூலம் எடுப்பார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-வது பிரிவுப்படி, மகன் எந்த மொழியில் சொன்னானோ அந்த மொழியிலேயே அதை வாசித்துக்காட்டி, திருத்தவும் வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்கவேண்டும். தமிழில் பேசினால் தமிழில் கேட்கட்டும். நேரமாகிறது, போடு தம்பி என்று யார் அவசரப்படுத்தினாலும், தான் சொன்ன வார்த்தை, அதற்கு முன் அவர் சொன்ன வார்த்தை, தான் எங்கே நின்றான், பிறகு எங்கே போனான் என்ற நாலும் தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.