ஓர் இன்ச் டியூபுக்கு ஓர் இன்ச் அச்சு ஏன் பொருந்தவில்லை?

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்காகக் கல்லூரிப் பட்டறையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டி வருகிறோம். காரின் சட்டகத்துக்காக (சேஸிஸ்) 25.4 மி.மீ. வெளிவிட்டமும் 2.4 மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள ஸ்டீல் டியூப் வாங்கியிருக்கிறோம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் அரை இன்ச் முதல் இரண்டு இன்ச் வரை அச்சுகளோடு (குழாய் பதிந்து வளைவதற்கான பள்ளமுள்ள டை) ஹைட்ராலிக் பைப் பெண்டர் விலைக்கு இருக்கிறது. அதன் ஓர் இன்ச் அச்சில் மாதிரித் துண்டு ஒன்றை வளைத்தபோது வளைவு நசுங்கிவிட்டது. வெர்னியர் ஒரு திசையில் 28 மி.மீ., மறு திசையில் 22 மி.மீ. காட்டுகிறது. மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்தால் சரியாக வரும் என்கிறார் கடைக்காரர். அதையே வாங்கலாமா?
– பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் விற்பது தண்ணீர்க் குழாய் வளைக்கும் கருவி, நீங்கள் வளைக்க விரும்புவதோ டியூப். பைப்புக்குச் சொல்லப்படும் இன்ச் கணக்கு அதன் உள்வழியை ஒட்டிய பெயரளவு. ஓர் இன்ச் பைப்பின் வெளிவிட்டம் ஏறத்தாழ 33.7 மி.மீ. இருக்கும். டியூபுக்கு மட்டுமே ஓர் இன்ச் என்பது வெளியில் அளந்தால் கிடைக்கும் 25.4 மி.மீ. ஆகையால் அந்த அச்சின் பள்ளத்தில் உங்கள் டியூப் இரு பக்கமும் நான்கு நான்கு மி.மீ. இடைவெளியோடு கிடந்திருக்கிறது, விரிய இடம் இருந்ததால் விரிந்து தட்டையாகிவிட்டது. முக்கால் இன்ச் அச்சு 26.9 மி.மீ. பைப்புக்கானது என்பதால் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் தோன்றும். அந்த ஒன்றரை மி.மீ. இடைவெளியும் கெடுதல்தான்.

அச்சு சரியாக இருந்தாலும் அந்தக் கருவியின் வேலை முறையே உங்களுக்கு ஒத்துவராது. இரண்டு உருளைகளில் டியூபின் இரு முனைகளைத் தாங்கி, நடுவில் ஜாக்கியால் அச்சை முட்டித் தள்ளுவது, கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பதைப் போன்றது. முழங்கால் படும் இடம்தான் முதலில் நசுங்கும். மூன்று உருளை ரோலிங் மெஷினையும் சிலர் பரிந்துரைப்பார்கள். கோயில் கொடைக்குப் போடும் வரவேற்பு வளைவு போன்ற பெரிய ஆரங்களுக்கு அது நல்ல கருவி, உங்களுக்கு அல்ல.

உங்களுக்குத் தேவை ரோட்டரி டிரா வகை. இதில் டியூபின் முனையை வட்ட அச்சோடு சேர்த்துக் கிளாம்ப் பிடித்துக்கொள்ள, அச்சு சுழன்று டியூபைத் தன்மேல் இழுத்துச் சுற்றிக்கொள்கிறது. எதிர்ப்பக்கம் அதே அளவுப் பள்ளமுள்ள அழுத்துக் கட்டை டியூபை விரியவிடாமல் அணைத்துக்கொண்டே வருகிறது. உங்கள் டியூபின் விட்டம் சுவர்த் தடிமனைப்போல் பத்து மடங்குக்குச் சற்றே மேல் என்பதால், அச்சு நெருக்கமாகப் பொருந்தினால் உள்ளே மாண்ட்ரல் என்னும் தாங்குதண்டைச் செருகாமலே வளைக்கலாம். மோட்டார் வேண்டியதில்லை, நீண்ட கைப்பிடியோ கை ஜாக்கியோ உள்ள மாதிரியே போதும். ஆண்டுக்கு ஒரு கார் கட்டும் இடத்தில் மெஷினுக்குப் பணம் கொட்டுவதைவிட, நல்ல அச்சு ஒன்றுக்குச் செலவிடுவதே சரி என்பது என் கருத்து.

அச்சின் ஆரத்தில் கவனம் தேவை. வளைவின் நடுக்கோட்டு ஆரம் டியூபின் வெளிவிட்டத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும், வளைவில் சுருக்கமோ நசுங்கலோ தெரியக் கூடாது என்பது போட்டி விதி. உங்கள் டியூபுக்கு அது 76.2 மி.மீ. அந்த எல்லையில் வளைத்தால் வெளிப்பக்கச் சுவர் ஏறத்தாழ 14 சதவீதம் மெலியும். நான் 90 மி.மீ. அச்சையே தேர்ந்தெடுப்பேன், பரிசோதகர் ஸ்கேலோடு குனியும்போது வாதாட வேண்டியிருக்காது. ஓர் அச்சுக்கு ஓர் ஆரம்தான் என்பதையும், இரண்டு வளைவுகளுக்கு நடுவே கிளாம்ப் பிடிக்கும் அளவுக்கு நேர்ப்பகுதி விட வேண்டும் என்பதையும் கணினியில் படம் வரையும் நண்பரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வரைந்து முடித்தபின் சொன்னால் சண்டை வரும்.

மணலைப் பற்றி. கடலை வறுப்பவர் வறுப்பதுபோல் வறுத்து, ஈரம் துளியும் இல்லாமல் தட்டித் தட்டி இறுக்கி நிரப்பிய மணல் ஓரளவு நசுங்கலைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அச்சின் தவறான அளவை மணல் திருத்தாது. ஈர மணலை அடைத்து இரு முனைகளையும் மூடிச் சூடாக்கினால் நீராவி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டைப்போல் தெறிக்கவிடும். மேலும், குளிர்நிலையில் இழுத்துத் தயாரித்த டியூபைக் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் அந்த இழுப்பால் ஏறிய வலிமை அந்த இடத்தில் இறங்கிவிடும். ஓட்டுநரின் தலைக்கு மேல் நிற்கும் சட்டத்தில் இதைச் செய்யாதீர்கள்.

ஓட்டுநரின் முதுகுப்பக்கத்தில் தலைக்கு மேல் எழும் பாதுகாப்பு வளைவான மெயின் ஹூப், வெட்டி ஒட்டாத ஒரே டியூபாக இருக்க வேண்டும் என்பதால் நான்காவது வளைவில் நேரும் பிழை முதல் மூன்றையும் வீணாக்கிவிடும். முதலில் கழிவுத் துண்டில் 90 பாகை வளைத்து, கிளாம்பை விட்டதும் எவ்வளவு பின்வாங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். மூன்று பாகை திரும்பினால் 93 வரை வளைக்க வேண்டும். டியூபின் நீளவாக்கில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்தால், வளைவுகள் ஒரே தளத்தில் விழுகின்றனவா என்பதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். வெல்டிங் தையல் உள்ள டியூப் என்றால் தையலை வளைவின் உள்ளேயும் வெளியேயும் விடாமல் பக்கவாட்டில் வையுங்கள். நான் வேலை கற்ற காலத்தில் தையலை வெளிப்பக்கம் விட்டு வளைத்து, அது பனங்கிழங்கைப்போல் பிளந்ததைப் பார்த்து நின்றிருக்கிறேன்.

அச்சை உள்ளூரிலேயே லேத்தில் கடைந்து வாங்கலாம். ஈ.என். 8 என்னும் நடுத்தரக் கரி உருக்கில், பள்ளம் அரைவட்டமாக, டியூபோடு இடைவெளி 0.2 மி.மீ.க்கு மிகாமல் வேண்டும் என்று கேளுங்கள். படத்தை மட்டும் கொடுக்காமல் டியூபில் ஒரு சாண் வெட்டி டர்னரின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.