மருந்தடிக்கும் முன் எண்ணிப் பாருங்கள்: மதுரை வட்டார விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

பூச்சிமருந்து, அதன் அளவு, அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஆகியவை பற்றி மட்டும் கேளுங்கள். கேட்கும்போது பயிரின் வயதையும் ஏற்கெனவே அடித்த மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

மேலூர்: நெல்லு நட்டு 25 நாளாச்சு சார். இலை வெள்ளை வெள்ளையா சுருண்டு கிடக்கு. கடையில குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த மருந்து குடுத்திருக்காங்க. இன்னைக்கே அடிச்சிரவா?

அடிக்காதீர்கள். அது இலைசுருட்டுப்புழு. நட்ட முதல் 30 நாளில் இலையில் வரும் சேதத்தைப் பயிர் புது இலை விட்டுத் தானே ஈடுகட்டிவிடும், மகசூல் குறையாது. தூர் கட்டும் (பக்கத் தண்டு விடும்) பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலைக்கு மேல் சேதம் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். வயலில் குறுக்காக நடந்து அங்கங்கே சில குத்துகளில் (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்தில்) எண்ணிப் பாருங்கள். வரப்போரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், நிழல் விழும் ஓரத்தில் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

இப்போது சைபர்மெத்ரின் அடித்தால் என்ன ஆகும்? வயலில் இருக்கும் சிலந்தியும், தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியின் முட்டையைத் தின்னும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும். தண்டின் அடியில் உட்கார்ந்திருக்கும் புகையானுக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. எதிரி இல்லாத வயலில் அது பெருகும், பூக்கும் நேரத்தில் வட்ட வட்டமாகப் பயிர் காயும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டியிருந்தால் இன்னும் வேகமாகப் பெருகும்.

குத்தைச் சாய்த்து, அடித்தண்டைத் தட்டி, தண்ணீரில் விழும் புகையானை எண்ணுங்கள். தூருக்கு ஒன்று என்பது எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். எல்லையை நெருங்கினால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது. அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி நடாத இடைவெளி (பட்டம்) விடுங்கள், காற்றும் வெளிச்சமும் அடித்தண்டு வரை இறங்கும்.

வாடிப்பட்டி: டேங்குக்கு எத்தனை மில்லி ஊத்தணும்? கடைக்காரர் பத்துங்கிறார், பக்கத்து வயக்காரர் அஞ்சுங்கிறார்.

இரண்டு பேரும் எந்தத் தெளிப்பான் என்று கேட்கவில்லையே. அளவு டேங்குக்குக் கிடையாது, ஏக்கருக்கு. கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். (நீரில் கரையும் திரவம், 17.8 சதவீத வீரியம்) நெல்லுக்கு எக்டருக்கு 100 முதல் 125 மில்லி, அதாவது ஏக்கருக்கு 40 முதல் 50 மில்லி. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் போகிறது என்றால் 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டரை டேங்கு. ஏக்கருக்கு 50 மில்லி என்றால் டேங்குக்கு 4 மில்லி. பவர் ஸ்ப்ரேயரில் 80 லிட்டரில் ஏக்கர் முடியும், அப்போது ஐந்தே டேங்கு, டேங்குக்கு 10 மில்லி. அந்தப் பத்தைக் கைத்தெளிப்பானில் ஊற்றினால் ஏக்கருக்கு 125 மில்லி, இரண்டரை மடங்கு. நான்கு மில்லியைப் பவர் ஸ்ப்ரேயரில் ஊற்றினால் ஏக்கருக்கு 20 மில்லிதான் விழும். தப்பிப் பிழைத்த பூச்சியின் வாரிசுக்கு அடுத்த தடவை அந்த மருந்து கேட்காது.

உங்கள் தெளிப்பானுக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று தெரிய, வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் 5 சென்ட் அடியுங்கள். செலவான லிட்டரை 20ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். முனை தேய்ந்திருந்தால் ஒரே நடையில் கூடுதலாக ஊற்றும். புது முனையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

உசிலம்பட்டி: கத்தரிக்கு மோனோகுரோட்டோபாஸ் மாதிரி வேற எதுவும் கேக்க மாட்டேங்குது. எங்க கிடைக்கும்?

காய்கறிக்கு அது 2005லேயே தடை. அதன் 36 எஸ்.எல். மருந்தின் பதிவும் 2023இல் ரத்தானது. டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ், போரேட் மூன்றும் 2020 டிசம்பர் 31 முதல் இல்லை. யாராவது பில் இல்லாமல் தந்தால் வாங்காதீர்கள். பில், லேபிள், லேபிளில் உங்கள் பயிரின் பெயர்: இந்த மூன்றும் இல்லாத புட்டி வீட்டுக்கு வரக்கூடாது.

உங்கள் தொல்லை தண்டு, காய்த்துளைப்பான்தானே? புழு காய்க்குள் புகுந்த பிறகு எந்தத் தெளிப்பும் அதைத் தொடாது. வாடித் தொங்கும் குருத்தை ஓர் அங்குலம் கீழே கிள்ளி எரியுங்கள், ஓட்டை விழுந்த காயையும் வயலில் போடாதீர்கள். ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு 5 வையுங்கள். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன் முழுசாகத் தெரியும்.

வலையங்குளம்: மல்லியில மொட்டு செவந்து உதிருது. வாரம் ஒரு மருந்து அடிக்கிறோம், அடங்கல.

உதிர்ந்த மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே காலில்லாத பொடிப்புழு நெளிந்தால் அது மொட்டு ஈ. பச்சைப் புழுவும் நூலும் ஓட்டையும் இருந்தால் மொட்டுப்புழு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மொட்டு ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். நீங்கள் செடிமேல் அடிக்கும்போது பாதிக் கூட்டம் மண்ணுக்குள் இருக்கிறது. உதிர்ந்த மொட்டைப் பொறுக்கி, பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். நவம்பர் கடைசியில் கவாத்து செய்ததும் (கிளைகளை வெட்டிவிட்டதும்) செடியடி மண்ணைக் கிளறி வெயில் காட்டி, வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். மொட்டுப்புழுவுக்கு மாலையில் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தைத் தெளிக்கலாம். ஈக்கு அது வேலை செய்யாது.

சிலைமான்: மல்லி என்ன சாப்பிடுற பொருளா அண்ணே? இதுல மருந்து எச்சம், அளவுன்னு பேச என்ன இருக்கு?

பறிக்கிறவர்களின் கை இருக்கிறது. விடியும் முன் பனியில் நனைந்த செடியில் வெறுங்கையால் ஒவ்வொரு மொட்டாகப் பறிக்கிறார்கள். முந்தின மாலை அடித்த ஆர்கனோபாஸ்பேட் (குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்து வகை) தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். பிறகு அதே பூ கட்டுபவர் மடியிலும் கூந்தலிலும் நாள் முழுக்க இருக்கிறது. சாப்பிடாத பொருள் என்பதால் யாரும் அளந்து பார்ப்பதில்லை, ஆபத்து இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

வலையங்குளம்: அப்ப மருந்தடிச்சா பறிக்காம விடச் சொல்றீங்களா? சீசன்ல ஒரு நாள் பறிக்காட்டி பூ மலர்ந்து வீணாப் போயிரும். அந்த நஷ்டத்த யார் குடுப்பா?

நியாயமான கேள்வி. அதனால்தான் வாரக் கணக்கில் அடிப்பதை நிறுத்தச் சொல்கிறேன். நூறு மொட்டைப் பிளந்து பார்த்துவிட்டு, தேவை இருக்கும் பாத்தியில் மட்டும் அடித்தால் ஒரு பாத்தியின் பறிப்புதான் தள்ளிப்போகும். கை பட வேண்டிய காலத்தில் வேம்பும் உயிரி மருந்தும் போதும்.

திருப்பரங்குன்றம்: லேபிள்ல பயிர் பேர் பாருங்கன்னு சொல்றீங்க. எந்தப் புட்டியிலயும் மல்லி இல்லையே?

இல்லை, பெரும்பாலானவற்றில் இல்லை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒவ்வொரு பயிருக்கும் ஆய்வுத் தரவு காட்டிப் பதிவு வாங்க வேண்டும். பரப்பு குறைந்த பயிருக்கு அந்தச் செலவைக் கம்பெனி செய்யாது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வளர்க்கிறவருக்கு அச்சிட்ட அளவோ, மருந்தடித்த பிறகு பறிக்காமல் காத்திருக்க வேண்டிய நாள் கணக்கோ இல்லை. தடைப் பட்டியல் போடுவதோடு ஒழுங்குமுறை முடிந்துவிடாது. இந்தப் பதிவுத் தரவை அரசுச் செலவில் உருவாக்க வேண்டும். அதுவரை கடைக்காரர் வாய்ச்சொல்தான் லேபிள் என்ற நிலை மாறாது.

பேரையூர்: டேங்குக்கு எத்தனை மில்லி சார்?

வாடிப்பட்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சோழவந்தான்: தென்னை ஓலைக்கடியில வெள்ளையா சுருள் சுருளா இருக்கு. வேர்ல மருந்து கட்டலாமா?

வேண்டாம். அது சுருள் வெள்ளை ஈ. அதைத் தின்னும் என்கார்சியா குளவியை மருந்து கொன்றுவிடும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

அலங்காநல்லூர்: வேப்பங்கொட்டைச் சாறு அடிச்சேன், ஒண்ணும் கேக்கல.

கொட்டை எத்தனை மாதப் பழசு? எட்டு மாதம் தாண்டினால் வீரியம் இருக்காது. ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கி, காதி சோப்பு 200 கிராம் கரைத்து, அன்றே மாலையில் அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் சிதைந்துவிடும். வளர்ந்த புழுவை உடனே கொல்லாது. இளம்புழு இருக்கும்போதே அடியுங்கள்.

கள்ளிக்குடி: பருத்திக்கு இமிடாகுளோபிரிட், அசிட்டாமிப்ரிட், தயாமீத்தாக்ஸம்னு மூணு கம்பெனி மருந்து மாத்தி மாத்தி அடிச்சும் வெள்ளை ஈ போகல. டேங்குக்கு எத்தனை மில்லி கூட்டணும்?

கூட்டவே கூடாது. நீங்கள் அடித்த மூன்றும் ஒரே வகை. கம்பெனி பெயர் மாறியதே தவிர மருந்தின் வகை மாறவில்லை. லேபிளில் இரசாயனப் பெயரைப் படியுங்கள். நான் இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

செக்கானூரணி: வெத்தலைக் கொடி அழுகல் பத்தி…

நோய் என் துறை இல்லை. ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் பயிர் நோயியல் துறைக்குக் கொடியை வேரோடு எடுத்துப் போங்கள்.

கொட்டாம்பட்டி: மருந்தடிச்ச ஆளுக்குத் தலை சுத்துது, எச்சி ஊறுது. மோர் குடுக்கலாமா?

எதுவும் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ இப்போதே கூப்பிடுங்கள். நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போடட்டும். மருந்துப் புட்டியை லேபிளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், எந்த முறிவு மருந்து என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆள் மயங்கினால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மற்ற கேள்விகளை நாளைக்குப் பார்க்கிறேன், நீங்கள் முதலில் போனை எடுங்கள்.