யாரிடமிருந்து யாருக்கு? எச்.ஐ.வி. மரபணுச் சோதனை சொல்லாத பதில்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். கர்ப்பமாக இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்று முதல் மாத்திரை சாப்பிடுகிறேன். பிறகுதான் கணவருக்குப் பார்த்தார்கள், அவருக்கும் இருக்கிறது. முதலில் எனக்குத் தெரிந்ததால், என்னிடமிருந்துதான் அவருக்கு வந்தது என்று மாமியார் வீட்டில் சொல்லி, என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் ஒருவர், வைரஸின் மரபணுவைச் சோதித்து யார் யாருக்குக் கொடுத்தார் என்று சான்றிதழ் வாங்கித் தருவதாகவும், 35,000 ரூபாய் ஆகும் என்றும், அதற்கு முன் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், சகோதரி. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் உங்கள் உடம்பில் வைரஸ் அடங்கியிருப்பதுதான் குழந்தைக்குக் காவல். கூட்டு மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வைரஸ் மறுபடியும் பெருகிவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் தலைதூக்கவும் இடமுண்டு.

அவர் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமான மரபணுச் சோதனைக்கு ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் ஏறக்குறைய ஆயிரம் வைரஸ் பிரதிகளாவது இருக்க வேண்டும். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடம் அவ்வளவு கிடைக்காது. வைரஸ் கிடைத்தால்தான் சோதனை நடக்கும், சோதனை நடந்தால்தான் அவருக்குக் கமிஷன். இந்த அளவுக்கு விஷயம் தெரிந்து வைத்திருப்பதால்தான், ஒன்றும் தெரியாத தரகரைவிட இவரிடம் கூடுதலாகப் பயப்பட வேண்டியிருக்கிறது.

சோதனை பொய்யல்ல. ஒருவருக்கு எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்று பார்க்க மருத்துவர்கள் கேட்கும் சோதனைதான் அது. எச்.ஐ.வி.யின் மரபணு ஏறக்குறைய 9,700 எழுத்துகளால் ஆனது. அது தன்னைத்தானே படியெடுக்கும்போது பிழை திருத்திக்கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொருவர் உடம்பிலும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகிறது. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள், இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரு மூலத்தின் வழி வந்தவை என்று கொள்வார்கள். ஆனால் இதைப் பார்த்து அது எழுதப்பட்டதா, அதைப் பார்த்து இது எழுதப்பட்டதா, இரண்டுக்கும் நடுவே செல்லரித்துப்போன மூன்றாவது ஏடு ஒன்று இருந்ததா என்பதை அந்தப் பிழை சொல்லிவிடாது. உங்கள் இருவருடைய வைரஸும் ஒத்திருக்கிறது என்றுதான் அநேகமாக அறிக்கை வரும். கணவன் மனைவிக்குள் அது ஒத்திருப்பதைச் சொல்ல 35,000 ரூபாயா?

அந்த ஒற்றுமையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் சி என்ற ஒரே துணைவகை. தொடர்பே இல்லாத இருவரின் வைரஸ்கூட ஓரளவு ஒத்துப்போகும் என்பதால், நீலகிரியிலும் கோவையிலும் தொற்றுள்ள வேறு பலருடைய வைரஸ் வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ‘நெருக்கம்’ என்று எழுதுவதற்குப் பொருள் கிடையாது. தரகர் கொண்டுபோய்க் கொடுக்கும் இரண்டு குழாய் இரத்தத்தில் இந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை.

வைரஸ்களின் மரபணுவை ஒப்பிடும் இந்தத் துறையின் பலம் தனி மனிதர்களைப் பிடிப்பதில் இல்லை, ஊரளவில் பார்ப்பதில் இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் என்ற கிராமப்புற மாவட்டத்தில் 2015ஆம் ஆண்டு திடீரென்று பலருக்குத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டபோது, ஏறக்குறைய எல்லாருடைய வைரஸும் ஒரே கொத்தாக அமைந்திருந்ததை வைத்து, வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொண்டவர்கள் பகிர்ந்த ஊசிகள் வழியாக அது வேகமாகப் பரவியிருக்கிறது என்று உறுதிப்படுத்தினார்கள். யாரிடம் தொடங்கியது என்பதைவிட, சுத்தமான ஊசியும் சிகிச்சையும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதே அங்கே கேள்வி. லிபியாவின் பெங்காசி மருத்துவமனையில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படுத்தியதாக ஐந்து பல்கேரியச் செவிலியர்களுக்கும் ஒரு பாலஸ்தீன மருத்துவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் அங்கு வேலைக்குச் சேர்ந்த 1998 மார்ச்சுக்கு முன்பே அந்த வைரஸ் அங்கே பரவிக்கொண்டிருந்தது என்று 2006இல் மரபணு ஆய்வு காட்டியது. நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தாமல் அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் மரண தண்டனையே விதித்தது. 2007 ஜூலையில்தான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நான் சொல்லாவிட்டால் தரகர் சொல்வார். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லஃபாயெட் என்ற ஊரில், 1994இல் ஒரு மருத்துவர் தன்னோடு பழகிப் பிரிந்த செவிலியருக்கு, வைட்டமின் ஊசி என்று சொல்லித் தன் நோயாளி ஒருவரின் இரத்தத்தைச் செலுத்தினார் என்று வழக்கு. 1998இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. வைரஸின் மரபணு ஒப்பீட்டை அமெரிக்கக் குற்றவியல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அதுவே முதல் முறை. அந்தப் பெண்ணின் வைரஸ்கள் நோயாளியின் வைரஸ் வகைகளுக்குள்ளேயே ஒரு கிளையாக அடங்கியிருந்ததால், யாரிடமிருந்து யாருக்கு என்ற திசையையும் ஊகிக்க முடிந்தது. ஆனால் அங்கே என்னென்ன இருந்தன என்று பாருங்கள். அந்தப் பெண் முன்பு இரத்ததானம் செய்தவர், அப்போதெல்லாம் தொற்று இல்லை என்று பதிவு இருந்தது. நோயாளியிடம் இரத்தம் எடுத்ததற்கு மருத்துவரின் அலுவலகத்திலேயே குறிப்பு கிடைத்தது. அதே ஊரில் தொற்றுள்ள வேறு பலரின் வைரஸ்களோடு ஒப்பிட்டார்கள். ஒருவரிடமிருந்தே பல வைரஸ்களைப் படித்தார்கள். இரண்டு ஆய்வகங்கள் தனித்தனியாகச் செய்தன. இவ்வளவுக்குப் பிறகும் மரபணு அங்கே மற்ற சாட்சியங்களுக்குத் துணையாகத்தான் நின்றது. எந்த ஆண்டு தொற்றியது என்றே தெரியாத, இருவருமே அதற்கு முன் சோதனை செய்துகொள்ளாத, ஒருவராவது இப்போது மருந்திலும் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அந்த வழக்கை உதாரணம் காட்டுவது ஏமாற்று.

முதலில் தெரிந்தவர்தான் முதலில் தொற்றியவர் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் எதுவும் கிடையாது. உங்களுக்கு முன்னால் தெரிந்ததற்கு ஒரே காரணம், நீங்கள் கர்ப்பமாக இருந்தீர்கள், கர்ப்பிணிகளுக்கு எல்லாம் சோதிக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடும் ஆணை யார் சோதிப்பது? கணவரையும் அதே வாரத்தில் அழைத்து, இருவரையும் சேர்த்து உட்காரவைத்து முடிவைச் சொல்லியிருந்தால் இந்தப் பழி பாதி எழுந்திருக்காது. மனைவியின் சீட்டை மட்டும் மனைவி கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பும் வழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை யாருக்குக் குறைவோ அவருக்கே பழைய தொற்று என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் அந்தக் கணக்கும் நிற்காது.

தரகரிடம் பெயரையோ, ஆதார் எண்ணையோ, ஏஆர்டி (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) புத்தகத்தின் நகலையோ கொடுக்காதீர்கள். மலையில் யார் எந்த பஸ்ஸில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதே மாலைக்குள் கடைவீதிக்கு வந்துவிடும். இதில் சான்றிதழ் ஒன்று அச்சாகி ஒரு கை மாறினால் ஊர்க்கூட்டம் வரை போகும். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், போனது போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அதைத் திரும்ப வாங்கப் போனால், எச்.ஐ.வி.யை அடியோடு குணமாக்கும் மருந்து என்று அடுத்த பொட்டலத்தைத் தலையில் கட்டுவார்கள். வைரஸை அடக்கிவைக்கும் மருந்து உண்டு, அரசு அதை இலவசமாகக் கொடுக்கிறது. வேரோடு அகற்றும் பொட்டலம் எங்கும் இல்லை.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, விளக்கிச் சொல்லிப் பெற்ற சம்மதம் இல்லாமல் யாரும் உங்களைச் சோதிக்கக் கூடாது. தொற்று இருக்கிறது என்பதற்காகக் குடியிருக்கும் வீட்டிலிருந்து உங்களை வெளியேற்றவும் கூடாது. நான் போய்வந்த எச்.ஐ.வி. மையங்களில் இந்த இரண்டு வரியைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததில்லை; கைகழுவும் முறைக்கு மட்டும் நான்கு படம் இருக்கிறது. மாமியார் வீட்டாரிடம் நீங்கள் தனியாக வாதாட வேண்டாம். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) இருக்கும் ஆலோசகரிடம், கணவரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமல் பேசலாம்.

கணவர் மருந்து தொடங்கிவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. தொடங்காவிட்டால் இந்த வாரமே தொடங்கட்டும். உங்களுக்கு வைரஸ் அளவுச் சோதனை கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று மையத்தில் கேளுங்கள். குழந்தைக்கு ஆறாவது வாரச் சோதனை முடிந்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் உடனே எடுத்துவிட்டு, ஆறாவது மாதம் முதல் பதினெட்டாவது மாதம் வரையிலான சோதனைகளுக்கும் தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.