டாக்டர் ஹூ அமெரிக்காவில் பிரபலமானது எப்படி? 2010க்கு முந்தைய கதையையும் சேர்த்துச் சொல்கிறேன்

கேள்வி: டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர் அமெரிக்காவில் எப்படி இவ்வளவு பிரபலமானது? மேட் ஸ்மித் நடிக்க வந்த பிறகுதானே அங்கே அதைப் பற்றித் தெரியும்?

உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அநேகமாக ஏதோ ஒரு ஓடிடியில் புதிய பகுதிகளைப் பார்த்து, பிடித்துப்போய், பிறகு இதைத் தேட ஆரம்பித்திருப்பீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேட் ஸ்மித் வந்தது 2010ல். அதற்கு 30 வருஷத்துக்கு முன்பே இந்தத் தொடருக்காக ராத்திரி கண்விழித்த அமெரிக்கர்களை எனக்கு நேரில் தெரியும். அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன்.

தொடரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டாக்டர் வேற்றுக் கிரகத்துக்காரர். லண்டன் போலீஸ்காரர்கள் ஒரு காலத்தில் தெருமுனையில் வைத்திருந்த நீலப் பெட்டி மாதிரி ஒரு கால இயந்திரம், வெளியே ஒரு ஆள் நிற்கும் அளவு, உள்ளே பெரிய மாளிகை. சாகும் நிலை வந்தால் அவர் உடம்பு மாறிவிடும், அதனால் நடிகரும் மாறலாம். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது, அதாவது கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர் என்பதை இங்கே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா, ஒருவரும் முதலில் நம்புவதில்லை.

நான் 80களின் நடுவில் கல்யாணமாகி, அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழக ஊருக்கு வந்தேன். கணவர் ஆராய்ச்சி மாணவர். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு ஜன்னல் வழியே பனி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய டிவியில் ஆன்டெனாவைத் திருப்பினால் நாலைந்து சேனல். அதில் ஒன்று பிபிஎஸ் என்கிற பொதுத் தொலைக்காட்சி. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் அதில் நீளக் கழுத்துத்துணி போட்ட சுருட்டைமுடிக்காரர் ஒருவர் வருவார். டாக்டராக நடித்த டாம் பேக்கர். துப்பாக்கி எடுக்க மாட்டார், பேசியே ஜெயிப்பார். அவர் பேசும் ஆங்கிலம், ஊரில் பிபிசி ரேடியோ கேட்டு வளர்ந்த என் காதுக்குச் சட்டென்று புரிந்தது. கடைக்காரர் பேசும் ஆங்கிலம் புரிய எனக்கு இன்னும் சில மாதம் பிடித்தது.

பிபிஎஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். அது ஒரே கம்பெனி இல்லை. ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனும் லாப நோக்கமில்லாத தனி அமைப்பு. அப்போது செலவில் ஒரு பகுதி அரசாங்கப் பணம், இன்னொரு முக்கியமான பகுதி பார்ப்பவர்கள் கொடுப்பது. வருஷத்தில் சில தடவை நிகழ்ச்சியை நடுவில் நிறுத்தி, 'உங்களுக்கு இது வேண்டுமென்றால் பணம் அனுப்புங்கள்' என்று நேரடியாகவே கேட்பார்கள். பிளெட்ஜ் டிரைவ் என்று பெயர். பின்னால் வரிசையாக மேசை போட்டுத் தன்னார்வலர்கள் போன் எடுப்பது திரையில் தெரியும்.

சம்பளமில்லாத வேலை, விசா தடுக்காது. நான் போனேன். புடவையும் மேலே ஸ்வெட்டருமாக உட்கார்ந்தேன். எனக்கு இடது பக்கம் ஒரு நூலகப் பணியாளர், தானே பின்னிய கழுத்துத்துணியோடு வந்திருந்தார். அவர்தான் அந்தக் கதையைச் சொன்னார்: அசல் கழுத்துத்துணியைப் பின்னிய பெகோனியா போப் என்ற அம்மாவிடம், வேண்டிய நிறத்தை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நிறைய கம்பளி நூல் கொடுத்தார்களாம். அவர் கொடுத்ததை எல்லாம் பின்னிவிட்டார். அப்படித்தான் அது தரையைத் தொடும் நீளத்துக்கு வந்தது.

போன் அடித்தால் பெயர், விலாசம், தொகை, எந்த நிகழ்ச்சிக்காக என்று ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரு விவசாயி பேசினார். குரலிலேயே கோபம்.

"நீங்கள் போன மாதம் போட்ட கதையில் ஒரு காட்சியை வெட்டிவிட்டீர்கள். இல்லையா?"

"எனக்குத் தெரியாது சார். எழுதிக்கொள்கிறேன்."

"எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் எழுதுங்கள். கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதைகளை வாங்கிப் போட்டால் 50 டாலர். இல்லாவிட்டால் 25."

நான் இரண்டு தொகையையும் எழுதி, எதிரே நிபந்தனையையும் எழுதினேன். இப்படி எழுதலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு அவர், "இதுதான் எங்களுக்கு வேண்டும்" என்று அந்தத் தாளை எடுத்துத் தனியான ஒரு காகிதக் கட்டோடு வைத்தார். அந்தக் கட்டுக்குள் ஏற்கனவே நிறையத் தாள்கள் இருந்தன. எந்தக் கதை வேண்டும், எந்த நேரம் வேண்டும், நாலு பகுதியாக எடுத்த கதையை ஒட்டி ஒரே படமாகப் போடாதீர்கள், தனித்தனியாகப் போடுங்கள் என்று ஆளாளுக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். பிற்பாடு எங்கள் ஸ்டேஷன் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் நடித்த கறுப்பு வெள்ளைக் கதைகளை வாங்கியபோது அந்தக் கட்டுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எல்லாம் எடுத்தவுடன் நடக்கவில்லை. 1972ல் டைம் லைஃப் நிறுவனம் ஜான் பெர்ட்வீ நடித்த கதைகளை இங்கே விற்றுப் பார்த்தது, பெரிதாக எடுபடவில்லை. 1978ல் டாம் பேக்கர் கதைகளைக் கொண்டுவந்தபோது, அமெரிக்கர்களுக்குப் புரியாது என்று பயந்து ஹோவர்ட் டா சில்வா என்ற நடிகரை வைத்து முன்கதைச் சுருக்கம் பேச வைத்தார்கள். அதற்கு இடம் பண்ணவும் விளம்பரத்துக்காகவும் காட்சிகளை வெட்டினார்கள். பிறகு வெட்டாத பிரதிகள் பிபிஎஸ் ஸ்டேஷன்களுக்குக் கிடைத்தன, அங்கேதான் தொடர் வேர் பிடித்தது. பிரிட்டனில் அது சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் தொடர். இங்கே ராத்திரி நேரத்துக்குப் போனதால் கல்லூரி மாணவர்களும் பெரியவர்களும் பார்த்தார்கள். அந்த வித்தியாசம் முக்கியம் என்பது என் எண்ணம். 1983ல் 20ஆம் ஆண்டுச் சிறப்புக் கதையை அமெரிக்காவில் சில ஸ்டேஷன்கள் நவம்பர் 23 அன்றே போட்டுவிட்டன. சொந்த நாட்டில் பிபிசி போட்டது 25ஆம் தேதி!

1987 நவம்பர் 22 ராத்திரி சிகாகோ பிபிஎஸ் ஸ்டேஷனான டபிள்யூடிடிடபிள்யூவின் அலைவரிசைக்குள் முகமூடி போட்ட ஒருவன் புகுந்து ஒன்றரை நிமிஷம் போல உளறிவிட்டுப் போன கதையை நீங்கள் யூடியூபில் பார்த்திருக்கலாம். அவன் யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அப்போது ஓடிக்கொண்டிருந்தது டாக்டர் ஹூதான். எல்லோரும் முகமூடிக்காரனைப் பற்றியே பேசுகிறார்கள். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு மேல், மறுநாள் வேலை இருந்தும், சிகாகோவில் அதைப் பார்க்க ஒரு கூட்டம் இருந்ததைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

சரி, கீழே யாராவது வந்து 'பிபிஎஸ் ரசிகர்கள் ஒரு சிறு கும்பல், அதைப் பிரபலம் என்று சொல்ல முடியாது' என்று எழுதுவார்கள். கும்பல் சிறியதுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். எல்லார் வீட்டுக்கும் அது போனது 2010க்குப் பிறகுதான். ஆனால் 1989ல் பிபிசி தொடரை நிறுத்திவிட்டது. அடுத்த பதினைந்து வருஷம் புதுத் தொடரே கிடையாது. 1990ல் தொடங்கிய லாஸ் ஏஞ்சலிஸ் ரசிகர் மாநாடு அந்த வறட்சியிலும் ஆண்டுதோறும் நடந்தது, இப்போதும் நடக்கிறது. அந்தக் கும்பல் இல்லாவிட்டால் 2010ல் யார் இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பார்கள்?

இப்போது உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில். அமெரிக்கர்களுக்கு ஏற்றமாதிரி மாற்றுகிறோம் என்று இறங்கியபோதெல்லாம் இந்தத் தொடர் இங்கே சறுக்கியிருக்கிறது. உள்ளதை உள்ளபடி, தாமதமில்லாமல் கொடுத்தபோது ஜெயித்திருக்கிறது.

1996ல் ஃபாக்ஸ் சேனலோடு சேர்ந்து ஒரு டிவி படம் எடுத்தார்கள். கதை சான்ஃபிரான்சிஸ்கோவில், படப்பிடிப்பு வான்கூவரில், பால் மெக்கான் டாக்டர். அவர் அருமையாக நடித்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோசேன் என்ற பெரிய நகைச்சுவைத் தொடருக்கு எதிரே அதைப் போட்டார்கள். பிரிட்டனில் சுமார் 90 லட்சம் பேர் பார்த்தார்கள், அமெரிக்காவில் 56 லட்சம் போல. தொடராக வளரவில்லை.

2005ல் எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவீஸ் கார்டிஃபில் இருந்து தொடரை மறுபடி உயிர்ப்பித்தார். 45 நிமிஷத்தில் ஒரு கதை, கூடப் பயணம் செய்யும் பெண்ணுக்கு அம்மா, வீடு, அழுகை எல்லாம் உண்டு. ஆனால் அமெரிக்காவில் சைஃபை சேனல் அதைப் போட்டது 2006 மார்ச்சில். ஒரு வருஷம்! இணையத்தில் கதை முழுக்கத் தெரிந்துவிட்ட பிறகு டிவியில் யார் பார்ப்பார்கள்? பலர் திருட்டுத்தனமாக இறக்கிப் பார்த்தார்கள். பிறகு பிபிசி அமெரிக்கா சேனல் எடுத்துக்கொண்டது. 2010ல் மேட் ஸ்மித்தின் முதல் கதைக்கு இரண்டு வாரத் தாமதம். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் கதை அதே நாளில் வந்தது. 2011 ஏப்ரல் 23 அன்று புதிய வரிசையும் இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் தொடங்கியது. உண்மையான திருப்பம் அந்தத் தேதிதான்.

அந்தக் கதையை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வந்து எடுத்தார்கள், அதிபர் நிக்சன் வருகிறார், நிலாப் பயணம் வருகிறது. அதைக் காட்டி 'அமெரிக்காவுக்காக மாற்றித்தானே ஜெயித்தார்கள்' என்று கேட்பீர்கள். இல்லை. டாக்டர் கௌபாய் தொப்பி போட்டுக்கொண்டு பாலைவனத்தில் நின்றாலும் பழைய டாக்டராகவே இருந்தார், அந்தத் தொப்பியையும் ஒரு அம்மா சுட்டுத் தள்ளிவிடுகிறார். அவர் விருந்தாளியாக வந்தார், குடியேற வரவில்லை.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பிபிசி அமெரிக்கா வேண்டுமென்றால் எங்கள் கேபிள் கம்பெனியில் மேல்நிலைப் பேக்கேஜ் எடுக்க வேண்டும். ஒரு சேனலுக்காக, பார்க்கவே பார்க்காத கோல்ஃப் சேனலுக்கெல்லாம் மாதாமாதம் பணம் கட்டினோம். பிற்பாடு ரத்து செய்து, பெட்டியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீதும் வாங்கினேன். அப்புறமும் பெட்டி திரும்பி வரவில்லை என்று பில். போன் செய்தால் பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்கள், ஆள் மாறிக்கொண்டே இருப்பார், ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். கடைசியில் என் கணவர், "விடும்மா, கட்டித் தொலைச்சிடலாம்" என்றார். நான் விடவில்லை. ரசீதின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் நிறுத்தினார்கள். மன்னிப்பு என்று ஒரு வரி வரவில்லை. வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தில் நடக்கும் கம்பெனி இப்படி. ஊரார் போடும் பிச்சையில் நடந்த ஸ்டேஷனோ, 25 டாலர் கொடுத்த விவசாயியின் குறிப்பைக் கூடப் பத்திரமாக வைத்தது.

மேட் ஸ்மித் காலத்தில் என் மகள் உயர்நிலைப் பள்ளியில் இருந்தாள். நான் இந்தத் தொடரைப் பற்றிப் பேசினால் முன்பெல்லாம் மற்ற அம்மாக்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். 2012 ஹாலோவீனுக்கு அவள் பள்ளியில் மேட் ஸ்மித் மாதிரி போ டை கட்டிய பையன்கள் கூட்டமாகத் திரிந்தார்கள். ஷாப்பிங் மாலில் ஹாட் டாபிக் கடையில் நீலப் பெட்டி போட்ட டிஷர்ட் தொங்கியது. கம்யூனிட்டி என்ற நகைச்சுவைத் தொடரில் டாக்டர் ஹூவைப் போலி செய்து ஒரு தொடருக்குள் தொடர் வந்தது. எல்லோருக்கும் தெரிந்ததைத்தானே போலி செய்வார்கள்? அந்த வருஷம்தான் என்டர்டெயின்மென்ட் வீக்லி முதன்முதலாக டாக்டர் ஹூவை அட்டையில் போட்டது. சிபிஎஸ் சேனலின் பின்னிரவு நிகழ்ச்சி நடத்திய கிரெய்க் ஃபெர்குசன் ஸ்காட்லாந்துக்காரர், பரம ரசிகர், அவரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். நெட்ஃபிளிக்ஸில் 2005ல் இருந்து எல்லாம் வரிசையாகக் கிடைத்தது, புதிதாக வருபவர் சில வாரங்களில் மொத்தத்தையும் பிடித்துக்கொள்ளலாம். 2013 நவம்பர் 23ல் 50ஆம் ஆண்டுக் கதை 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஓடியது. எங்களுக்கு மத்தியானம் 1.50. மகளின் தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள், வடை சுட்டேன். டாம் பேக்கர் வயதான முகத்தோடு திரையில் வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு யாரென்று சட்டெனத் தெரியவில்லை. அழுதது நான் ஒருத்திதான், அதில் எனக்கு வெட்கமில்லை.

டிஸ்னியைப் பற்றியும் கேட்பீர்கள். 2023ல் பெரும் பணத்தோடு வந்தார்கள், 2025 அக்டோபரில் விலகுவதாக அறிவிப்பு வந்துவிட்டது. 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்புக் கதை வரும் என்று பிபிசி சொல்லியிருக்கிறது. அதே 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பிபிஎஸ் போன்ற பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலரை ரத்து செய்தது. எனக்கு டிஸ்னி போனதை விட இதுதான் வலிக்கிறது. அமெரிக்காவில் இருந்து இதைப் படிப்பவர்கள் உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு இந்த வருஷம் ஏதாவது கொடுங்கள், எந்த நிகழ்ச்சிக்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

புதிதாகத் தொடங்க வேண்டுமானால் 2005ன் முதல் கதையில் இருந்து பாருங்கள். ஒரே ஒரு கதைதான் பார்ப்பேன் என்றால் 2007ல் வந்த 'பிளிங்க்', விளக்கைப் போட்டுக்கொண்டு பாருங்கள். டாம் பேக்கர் யாரென்று தெரிய, பாரிஸில் எடுத்த 1979ன் 'சிட்டி ஆஃப் டெத்'. நாலு பகுதி, தனித்தனியாகப் பாருங்கள், ஒட்டிப் பார்க்காதீர்கள்.