பைக் ஆர்சியில் சேஸிஸ் எண்ல ஒரு எழுத்து மாறியிருந்தா கார்னே (வண்டியை வெளிநாட்டுக்குத் தற்காலிகமாக் கொண்டுபோறதுக்கான சுங்க ஆவணம்) எடுக்கலாமா?

எடுக்காதீங்க, முதல்ல ஆர்சியைத் திருத்துங்க. ஆர்சியைப் பார்த்துத்தான் கார்னே அடிப்பாங்க. ஆனா ஈரான் எல்லையில சுங்கக்காரர் கார்னேல இருக்கிற எண்ணை வண்டியில இருக்கிற எண்ணோடதான் ஒப்பிடுவார்.

உங்க ஆர்சியில சேஸிஸ் எண்ல இருக்கிறதாச் சொல்ற ‘ஓ’ தட்டச்சுப் பிழை. 17 இலக்க சேஸிஸ் எண்ல ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. அது அநேகமா பூஜ்ஜியம்தான்.

சரிபார்க்க: ஹேண்டில் கழுத்துல இருக்கிற கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, பேப்பர் டேப் ஒட்டி, பென்சிலைச் சாய்ச்சுத் தேய்ங்க. காசிமேட்டு உப்புக்காத்துல துரு ஏறியிருந்தா 3-உம் 8-உம் ஒண்ணாத் தெரியும். அதுக்காக உப்புத்தாள் மட்டும் போடாதீங்க, எண்ணை அழிச்ச மாதிரி சந்தேகம் வரும். அந்த அச்சு, ஷோரூம் பில் ரெண்டையும் உங்க ஆர்டிஓ ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போங்க.

எஞ்சின் மாத்தின வண்டின்னா இது போதாது. புது எஞ்சின் எண்ணையும் ஆர்சியில ஏத்தணும்.