வாங்கலாமா, வேண்டாமா? போர்முனைக்குப் போன பேஸ்பால் கார்டு

போன தடவை ஒரு வாசகருக்கு 'டெசர்ட் ஷீல்ட்' பேஸ்பால் கார்டு பற்றி, அதில் போலி அதிகம், ஜாக்கிரதை என்று நாலு வரி எழுதினேன். அதிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த முறை இதையே முடித்துவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் புகுந்தது. அமெரிக்கா சவூதியில் படைகளைக் கொண்டுபோய்க் குவித்தது. அந்த நடவடிக்கையின் பெயர்தான் ஆபரேஷன் டெசர்ட் ஷீல்ட். அங்கே பாலைவனத்தில் காத்துக் கிடந்த வீரர்களுக்காக ஆட்டக்காரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை அச்சடிக்கும் டாப்ஸ் கம்பெனி தன் 1991 பேஸ்பால் கார்டுகளை, முன்பக்க மூலையில் தங்க நிறக் கேடய முத்திரை ஒன்றைக் குத்தி அனுப்பிவைத்தது. செட்டில் மொத்தம் 792 கார்டுகள். ஒவ்வொன்றிலும் ஆறாயிரம், ஏழாயிரம் பிரதி இருக்கலாம் என்பது சேகரிப்பாளர்கள் போடும் கணக்கு. வெயிலிலும் மணலிலும் சட்டைப் பைகளிலும் அடிபட்டு, முனை மழுங்காமல் ஊர் திரும்பியவை கொஞ்சம்தான்.

கேள்வி: பேஸ்பால் ஆட்டக்காரர் சிப்பர் ஜோன்ஸின் கார்டு, தங்க முத்திரையோடு, ஆன்லைனில் 60 டாலருக்குக் கிடைக்கிறது. கிரேடிங், அதாவது ஒரு நிறுவனம் அசல்தானா என்று சோதித்து, நிலைக்கு மதிப்பெண் போடுவது, செய்யப்படவில்லை. 'விற்றது விற்றதுதான், திருப்பி எடுக்கமாட்டோம்' என்று போட்டிருக்கிறார்கள். மகன் நச்சரிக்கிறான். வாங்கலாமா? (பிளேனோ, டெக்சஸ்)

வேண்டாம்.

கேள்வி: போலி போலி என்று பயமுறுத்துகிறீர்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய கார்டை எப்படிப் போலியாக அச்சடிக்க முடியும்? அட்டை, மை எல்லாம் பழசாகத்தானே இருக்கிறது? (ஃபிரீமான்ட், கலிபோர்னியா)

அச்சடிக்கவே வேண்டாம், அதுதான் சூட்சுமம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கார்டு கம்பெனிகள் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. முத்திரை இல்லாத 1991 டாப்ஸ் கார்டுகள் இன்றைக்கும் பெட்டி பெட்டியாகச் சல்லிசாகக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து மூலையில் தங்க ஃபாயில் முத்திரையைக் குத்திவிட்டால் வேலை முடிந்தது. அட்டை அசல், மை அசல், படம் அசல். முத்திரை மட்டும்தான் பொய். ஆனால் நீங்கள் காசு கொடுப்பதே அந்த முத்திரைக்குத்தான்.

அதனால் பார்வை அங்கேதான் போக வேண்டும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. கேடயத்துக்குள் ஒரு பனை மரம் இருக்கும். மட்டை மட்டையாகப் பிரிந்து தெரிகிறதா, இல்லை தங்கச் சொட்டு விழுந்தது மாதிரி மொத்தையாக இருக்கிறதா? எழுத்துகளின் ஓரம் நறுக்கென்று நிற்கிறதா, பிசிறு தட்டுகிறதா? கேடயத்தின் கோடு எங்காவது வழிந்து தடித்திருக்கிறதா? நம்பகமான நிறுவனம் கிரேடிங் செய்த அதே வகைக் கார்டின் பெரிய படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் வாங்காதீர்கள். நல்ல போலிகள் லென்ஸையும் ஏமாற்றும். பெரிய பெயர்களுக்கு, அதாவது ஜோன்ஸ், கென் கிரிஃபி ஜூனியர், நோலன் ரையன் போன்றவர்களின் கார்டுகளுக்கு, கிரேடிங் செய்து கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைத்ததைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த உறையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். உறைக்கும் போலி வந்துவிட்டது. லேபிளில் உள்ள எண்ணைக் கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். வெறுமனே '1991 டாப்ஸ்' என்று வருகிறதா, 'டெசர்ட் ஷீல்ட்' என்ற சொற்களும் சேர்ந்து வருகின்றனவா என்று கவனியுங்கள். படம் ஏற்றியிருந்தால் கார்டின் ஓரங்களை ஒப்பிடுங்கள்.

கேள்வி: முகநூல் குழு ஒன்றில் கிரிஃபி கார்டுக்கு 400 டாலர் கொடுத்தேன். 'கமிஷன் மிச்சம், பேபாலில் ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி என்று அனுப்புங்கள்' என்றார். அனுப்பினேன். வந்த கார்டில் முத்திரை நகத்தால் சுரண்டினால் வருகிறது. இப்போது ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். வெட்கமாக இருக்கிறது, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. (எடிசன், நியூ ஜெர்சி)

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. முதலில் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பேபாலில் 'ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' என்பது சொந்தக்காரருக்குப் பணம் அனுப்பும் வழி. அதில் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. 'கூட்ஸ் அண்ட் சர்வீசஸ்' என்று அனுப்பியிருந்தால் 180 நாளுக்குள் புகார் தரலாம். அந்தக் கதவை மூடத்தான் அந்த ஆள் கமிஷன் பேச்சை எடுத்தார். ஆனால் பேபாலுக்குள் பணம் எங்கிருந்து போனது என்று பாருங்கள். கிரெடிட் கார்டிலிருந்து போயிருந்தால் கார்டு கம்பெனியைக் கூப்பிட்டு, சொன்ன பொருள் வரவில்லை, போலி வந்திருக்கிறது என்று டிஸ்பியூட் போடுங்கள். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்காமல் விடக்கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தால் வாய்ப்பு குறைவு.

பார்சல் அமெரிக்கத் தபாலில் வந்ததா? அப்படியானால் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவில் மோசடிப் புகார் கொடுங்கள். தபால் வழியாக ஏமாற்றுவது அமெரிக்காவில் தனிக் குற்றம். உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் ஒன்று கொடுத்துவையுங்கள். உறை, கார்டு, அரட்டைப் படங்கள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். முத்திரையை இனிமேல் சுரண்டவும் வேண்டாம், அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: விற்பவர் 'அசல் என்பதற்கான சான்றிதழ்' தருகிறார். தங்க ஓரம் போட்ட தாள், வரிசை எண், கையெழுத்து எல்லாம் இருக்கிறது. கூடவே, போரில் இருந்த வீரர் ஒருவரிடமிருந்து வாங்கியதாக ஒரு கடிதமும் இருக்கிறது. இது போதாதா? (ஷார்லட், வட கரோலினா)

இந்தச் சான்றிதழ்களைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

யார் சான்று தருவது? விற்பவர். யாருடைய பொருளுக்கு? அவருடைய பொருளுக்கே. சேலைக்கடைக்காரரே வீட்டு பிரின்டரில் பட்டு மார்க் அச்சடித்து ஒட்டிக்கொண்டால் நீங்கள் அதைப் பட்டு என்று வாங்குவீர்களா? தங்க ஓரம் போட்ட தாள் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். வரிசை எண் என்றால் அதை யாரிடம் போய்ச் சரிபார்ப்பது? தொலைபேசி எண் போட்டிருந்தால் அந்தப் பக்கம் எடுக்கப் போவதும் அவரேதான். வாங்காத மூன்றாம் ஆள், விற்காத மூன்றாம் ஆள், தப்பாகச் சொன்னால் தன் பெயர் கெடும் என்று பயப்படுகிற ஆள் சொல்வதற்குத்தான் சான்று என்று பெயர். மற்றதெல்லாம் விளம்பர நோட்டீஸ்.

என் வீட்டில் ஒரு கிரிக்கெட் மட்டை இருக்கிறது. ஒரு பிரபல ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டது என்று சொல்லி, சான்றிதழோடு தலையில் கட்டினார்கள். ஒரு ஆயுத பூஜைக்கு ஈரத்துணியால் துடைத்ததில் கையெழுத்து போய்விட்டது. சான்றிதழ் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

வீரரின் கடிதத்துக்கும் இதே பதில்தான். அங்கே போனவர்கள் லட்சக்கணக்கானோர். அதனால் எந்தக் கார்டுக்கும் ஒரு வீரர் கதையைப் பொருத்திவிடலாம். கதை உண்மையாகவே இருக்கட்டும். அந்த வீரரின் பெட்டியிலிருந்து வந்த கார்டுதான் இந்தக் கார்டு என்று அந்தக் கடிதம் எப்படிச் சொல்லும்? கார்டை மட்டும் பார்த்து விலை பேசுங்கள். கடிதத்துக்கு ஒரு டாலர்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

பிரிக்காத பாக்கெட் வாங்கலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து மெழுகுத்தாள் பாக்கெட்டை லேசான சூட்டில் பிரித்து, நல்ல கார்டை உருவிக்கொண்டு, மறுபடி ஒட்டிவிடலாம். நான் வாங்கிய பாக்கெட்டின் பின்மடிப்பில் மெழுகு இரண்டு கோடாகத் தெரிந்தது. உள்ளே முத்திரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆட்டக்காரர்கள்தான் அத்தனை பேரும் அவரவர் வீட்டாருக்கு மட்டும் தெரிந்தவர்கள்.

கேள்வி: டாப்ஸ் டெசர்ட் கார்டு ஒரு முழுப் பெட்டி வாங்கிவிட்டேன், 150 டாலர். ஆனால் உள்ளே பேஸ்பாலே இல்லை. டாங்கி, விமானம், ராணுவத் தளபதிகள் படம்தான் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (ஷாம்பர்க், இலினாய்)

இல்லை. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படியுங்கள். 'டெசர்ட் ஸ்டார்ம்'. அது 1991 ஜனவரியில் தொடங்கிய போரின் பெயர். அந்தப் பெயரில் டாப்ஸ் கடைகளில் விற்ற வேறு கார்டு அது, ஊருக்கெல்லாம் கிடைத்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் பெயரைப் பார்க்கவில்லை. 150 டாலர் போடுவதற்கு முன்னால் இரண்டு சொல்லைப் படிக்க நேரமில்லாதவருக்கு நான் என்ன செய்வது?

கேள்வி: நான் 1990-91இல் தம்மாமில் கேட்டரிங் கம்பெனி வண்டி ஓட்டினேன். தஹ்ரான் பக்கம் அமெரிக்க முகாமுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது ஒரு பையன் ஒரு பாக்கெட் கார்டு கொடுத்தான். ரப்பர் பேண்ட் போட்டு இத்தனை வருடம் பெட்டியில் கிடந்தது. பேரன் பார்த்துவிட்டு, தங்க முத்திரை இருக்கிறது தாத்தா என்கிறான். சென்னையில் ஒருவர் மொத்தமாக 5000 ரூபாய் தருகிறேன் என்கிறார். (பரமக்குடி)

ஐயா, கொடுத்துவிடாதீர்கள். அவர் அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாக இருங்கள்.

ரப்பர் பேண்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். இத்தனை வருடத்தில் அது இளகி அட்டையோடு ஒட்டியிருக்கும். கத்தரியால் வெட்டி, தானாக விடுகிற பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட மேல், கீழ்க் கார்டுகளைப் பிய்க்க வேண்டாம். நடுவில் உள்ளவை நன்றாக இருக்கும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பேரனை இருபக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒவ்வொரு கார்டுக்கும் எண் இருக்கும். 333 என்றால் சிப்பர் ஜோன்ஸ். 790 என்றால் கிரிஃபி. 1 என்றால் நோலன் ரையன். இந்த மூன்றில் ஒன்று நல்ல நிலையில் இருந்தால் கிரேடிங்குக்கு அமெரிக்கா அனுப்பும் செலவுக்கு அர்த்தம் உண்டு. மிக நல்ல நிலையில் உள்ள ஜோன்ஸ் கார்டு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். மற்றவர்கள் என்றால் பெரும்பாலும் கார்டுக்குச் சில டாலர்தான். கிரேடிங் கட்டணமும் தபால் செலவும் அதை விழுங்கிவிடும்.

பழைய இகாமா (சவூதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை), கம்பெனி அடையாள அட்டை இருந்தால் கார்டுகளோடு சேர்த்து வையுங்கள். நடந்ததை உங்கள் கைப்பட ஒரு தாளில் எழுதிவையுங்கள். கதைக்குக் காசு கொடுக்காதே என்று மேலே எழுதியவன்தான் நான். ஆனால் நீங்கள் எதையும் விற்க வரவில்லை. இந்தத் தாள் உங்கள் பேரனுக்கு.

கேள்வி: ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியை இந்தக் கார்டுகளில் போடலாமா? (சன்னிவேல், கலிபோர்னியா)

சேகரிப்புப் பொருள் விற்ற லாபத்துக்கு அமெரிக்காவில் நீண்டகால வரி 28 சதவீதம் வரை போகும், பங்கு விற்றால் 20 வரைதான். அதற்கு மேல் ஏலக் கமிஷன், கிரேடிங், காப்பீடு. வாங்க ஆள் வரும்வரை காத்திருப்பு வேறு. கார்டு பிடிக்கும் என்றால் ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள், சேமிப்பைத் தொடாதீர்கள்.