32-ம் தெரியும், 33-ம் தெரியும்

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயசுங்க. பி.காம். முடிச்சுட்டு கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனில இருபது வருசத்துக்கு மேல அக்கவுண்ட்ஸ் பாத்தேன், இப்ப ஆளக் குறைக்கறோம்னு அனுப்பிட்டாங்க. இனி சம்பளத்துக்குப் போக மனசில்லீங்க, சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பாத்துக் குடுக்கலாம்னு இருக்கேன். பையன் லிங்க்ட்இன்ங்கறான், ரீல்ஸ்ங்கறான், வெப்சைட்ங்கறான். இந்த வயசுல இதெல்லாம் வேணுமா, எங்க ஆரம்பிக்க?
– பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: ரீல்ஸ் வேண்டாம் தம்பி, வெப்சைட்டும் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்குக் காசு குடுக்கப் போறவர் யாருன்னு பாருங்க. கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிக்கு சரக்கு அனுப்புற தேங்காய் வியாபாரி, பாலக்காட்டுச் சித்தூர்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கறவர். 20-ம் தேதிக்குள்ள 3பி (மாசாமாசம் போடற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடணுமேன்னு 18-ம் தேதி ராத்திரி கடைய சாத்திட்டு அவர் தேடுறது கூகுள்ல, இல்லைன்னா பக்கத்துக் கடைக்காரர்கிட்ட ஒரு வாட்ஸப் நம்பர் கேப்பார், அவ்வளவுதான்.

அதனால மொதல்ல கூகுள் பிசினஸ் புரொஃபைல். காசில்ல. ஆபீஸ் இல்லாம வீட்டுல இருந்தே பண்றீங்கன்னா அட்ரஸ மறைச்சுட்டு எந்தெந்த ஊருக்கு வேலை செய்வீங்கன்னு மட்டும் குடுக்கலாம், 20 இடம் வரைக்கும் போடலாம், கொழிஞ்சாம்பாறை, சித்தூரோட நிறுத்தாம பொள்ளாச்சியையும் சேத்துக்கங்க. சரிபாக்க வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லும், பயப்படாதீங்க. அறிமுகத்தத் தமிழ்ல எழுதுங்க, கீழ மலையாளத்துலயும் ரெண்டு வரி.

பேர் விஷயம் ஒண்ணு இருக்கு, நம்ம எல்லைப் பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் உள்ள தலைவலி. வீட்டுல இனிஷியல் முன்னாடி, கேரளா ரெக்கார்டுல இனிஷியல் பின்னாடி, லிங்க்ட்இன் கேக்குற கடைசிப் பேர் கட்டத்துல என்ன போடறதுன்னு தெரியாம அப்பா பேர முழுசா போட்டு வைப்போம், அப்புறம் தேடுனா மூணு ஆளா நிப்போம். பான் கார்டுல என்ன இருக்கோ அதையே எல்லா இடத்துலயும் போடுங்க. மத்தவங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கற பிராக்டிஷனரா பதியறதுக்கும் (பி.காம். போதும், போர்ட்டல்ல பிசிடி-01 ஃபாரம்) அதே பேர்தான்.

என்ன எழுதறது? 'இருபது வருட அனுபவம்'னு போட்டா ஒருத்தரும் நின்னு படிக்க மாட்டாங்க, அதான் எல்லாரும் போடறாங்களே. உங்க சரக்கு வேற. ஜிஎஸ்டி நம்பர்ல மொத ரெண்டு எண் 32னா கேரளா, 33னா தமிழ்நாடு. இங்க கேரளாவுல இருந்து பொள்ளாச்சி பார்ட்டிக்கு சரக்கு அனுப்பிட்டு, பழக்கதோஷத்துல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு (ஒரே மாநிலத்துக்குள்ள விக்கறதுக்கான வரி) பில் போட்டுக் கட்டிட்டா ஐஜிஎஸ்டிய (மாநிலம் விட்டு மாநிலம் விக்கறதுக்கான வரி) தனியாக் கட்டி, கட்டுனத ரீஃபண்ட் கேட்டு அலையணும். இந்தப் பக்கத்து வியாபாரிக்கு வலிக்கிற இடம் இதுதான். இதையே நாலு வரில, ஒரு கற்பனை பில்ல வச்சு எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயும் லிங்க்ட்இன்லயும் போடுங்க. கஸ்டமரோட போர்ட்டல் ஸ்கிரீன்ஷாட்ட மட்டும் போட்டுறாதீங்க, அவர் டர்னோவர் ஊருக்கே தெரிஞ்சுரும், அதுக்கப்புறம் எவன் வருவான்?

லிங்க்ட்இன் ரெண்டாவதுதான், ஆனா விட்டுறாதீங்க. பழைய கம்பெனில பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் பாத்தவங்க இப்ப வேற வேற இடத்துல இருப்பாங்க, அவங்க மூலமா வர்ற வேலைதான் உருப்படியா வரும். பேருக்குக் கீழ வர்ற வரில 220 எழுத்து வரைக்கும் போடலாம், 'வேலை தேடுகிறேன்'னு வீணாக்காம 'கேரளா–தமிழ்நாடு ரெண்டு பக்கமும் விக்கிற கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு'ன்னு போடுங்க. பழைய மேனேஜர்கிட்ட ஒரு சிபாரிசு எழுதி வாங்குங்க, கூச்சம் வேண்டாம். ஆனா ஒண்ணு, ஊர்ல எல்லாரும் உங்கள 'ஆடிட்டர்'னுதான் கூப்பிடுவாங்க, கூப்பிடட்டும், நீங்களா புரொஃபைல்ல போட்டுக்காதீங்க. சிஏ முடிச்சவங்க சண்டைக்கு வருவாங்க, நியாயமும் அவங்க பக்கம்தான்.

கேள்வி: பத்து வருசம் மாமியாரைப் பாத்துக்கிட்டு வீட்டுல இருந்தேன் அக்கா, இப்ப 43. பழையபடி டீச்சர் வேலைக்குப் போகாம ஆன்லைன்ல தமிழ் டியூஷன் ஆரம்பிக்கிறேன். லிங்க்ட்இன்ல அந்தப் பத்து வருசத்த எப்படி மறைக்கிறது?
– ஒரு வாசகி, குமுளி

பதில்: ஏம்மா மறைக்கணும்? 2022-லருந்து லிங்க்ட்இன்லயே 'கரியர் பிரேக்'னு தனி இடம் இருக்கு, குடும்பத்தைப் பாத்துக்கிட்டதுக்கும் அதுல பிரிவு இருக்கு. ஒரு வரி போட்டா போதும், விளக்கம் வேண்டாம். விளக்கம் எழுதற நேரத்துல அஞ்சு நிமிஷ டெமோ கிளாஸ் ஒண்ணு எடுத்துப் போடுங்க, டியூஷனுக்குப் பிள்ளைய சேக்கிற அம்மா பாக்கப் போறது அதத்தான்.